மேற்குச் சுவரின் கைத்தடங்கள்

மாலை ஆறேகால் மணி. டவுனை விட்டு விலகிப் பழைய கல்குவாரிக்குப் போகும் சாலை. பதினோரு கிலோமீட்டர். நடுவில் ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. எதிரே ஒரு வண்டி வந்தால் அதிசயம். அந்தச் சாலையில் ஒரு ஜீப், முப்பது கிலோமீட்டர் வேகத்தில், ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது...

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். உரக்கச் சொல்கிற விஷயமில்லை இது. என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது. அவன் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவான்.

அந்த அக்காவுக்கு அருங்காட்சியகத்தில் வேலை. பாறையைப் பிளந்து, உள்ளே கல்லாகிக் கிடக்கும் மீனையும் இலையையும் சேதமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும். ஆபீசில் எல்லோருக்கும் அவள் 'கல்லக்கா'. வயது நாற்பத்து நான்கு. பயந்த சுபாவம் என்று அவள் எதிரிகூடச் சொல்ல மாட்டான். பாம்பு கிடந்த கிடங்குக்குள் போய், அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் உளியை எடுத்து வந்தவள்.

ஜீப்பை ஓட்டியவர் அருங்காட்சியகத்து டிரைவர். அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. ஆனால் முப்பதைத் தாண்டி அவர் வண்டி ஓட்டி யாரும் பார்த்ததில்லை. இவர் ஆம்புலன்ஸ் ஓட்டியிருந்தால் பாதி ஊர் காலியாகியிருக்கும் என்று ஆபீஸ் பியூன் சொல்வான். அதற்கும் சிரிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணியும் அண்ணன் மகளும்தான் அவர் குடும்பம்.

குவாரிக்கு ஏன் அந்த நேரத்தில் போகிறார்கள்? காரணம் இருக்கிறது. ஷேல் என்று ஒரு பாறை. ஒரு காலத்தில் அலையடிக்காத ஏரியின் அடியில் படிந்த சேறு. வருஷத்துக்கு ஒரு மெல்லிய படலம். அடியில் காற்று கிடையாது, புழு கிடையாது, எதுவும் அழுகாது. செத்து விழுந்தது அப்படியே சேற்றுக்குள் மூடப்பட்டு, சேறு கல்லாகிவிடும். முப்பது கோடி வருஷம் கழித்துப் பிளந்தாலும் இலையில் நரம்பு தெரியும். ஆனால் உச்சி வெயிலில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வெறும் கறுப்புப் பலகை. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். அப்போதுதான் மயிரிழை மேடும் நிழல் காட்டும். அதனால் கல்லக்கா வேலை செய்வது பொழுது சாயும் நேரத்தில். இருட்டிவிட்டால் பேட்டரி விளக்கைப் பாறையோடு பாறையாக ஒட்டிப் பிடித்துக்கொள்வாள்.

அன்று வியாழன். திங்கட்கிழமை காலையிலிருந்து அந்தக் குவாரிப் பள்ளத்தை டவுன் குப்பையால் மூடப் போகிறார்கள். எடுக்கிறதை அதற்குள் எடுக்க வேண்டும். வழக்கமாகக் கூட வரும் அருங்காட்சியகத்துப் பேராசிரியர் கால் எலும்பு உடைந்து மாவுக்கட்டோடு இருந்ததால், இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

நிதானம் பள்ளத்துக்குள் இறங்க மாட்டார். மேலே, ஜீப்பிலேயே உட்கார்ந்திருப்பார். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், குவாரி ஓடிக்கொண்டிருந்தபோது, கிழக்குச் சுவர் சரிந்தது. உள்ளே இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் ஓடி வந்துவிட்டார்கள். ஆறாவது ஆள் அவருடைய அண்ணன். இருபது நாள் தோண்டினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

கல்லக்கா வேலை செய்தது மேற்குச் சுவரில். சரிவுக்கு நேர் எதிர்ப்பக்கம். யாரும் கை வைக்காத பாறை.

அந்தப் பாறையைச் சுத்தியலால் தட்டினால் 'டிங்' என்று வெண்கலம் மாதிரி கேட்கும். அன்று ஓரிடத்தில் தட்டினாள்... 'டொப்' என்றது. உள்ளே ஓட்டை இருக்கிற சத்தம். மறுபடி தட்டினாள். டொப். கடப்பாறை போட்டு அந்தப் பாளத்தை முழுசாகப் பெயர்த்து எடுத்தாள். இரண்டடி நீளம். ஓரத்தில் உளியை வைத்து மெல்லத் தட்டியதும் மேல் பலகை பிளந்துகொண்டது.

புதுசாகப் பிளந்த ஷேலில் மண்ணெண்ணெய் வாடை வரும். அவளுக்குப் பழகிய வாடை. அன்று அதோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. வேர்வை வாடை. நாள் முழுக்க உழைத்தவன் கழற்றிப் போட்ட சட்டையின் வாடை...

விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள்.

கை. மனிதனின் இடது கை. விரல் விரித்து, உள்ளங்கை கீழே பட, ஊர்ந்து போகிறவன் ஊன்றிய மாதிரி. உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் பாதியில் நின்றிருந்தது.

வழக்கமாக ஒரு புதைபடிவத்தைப் பிளந்தால் ஒரு பாதியில் மேடு இருக்கும், மறு பாதியில் அதே அளவுக் குழி. இரண்டையும் சேர்த்தால் கச்சிதமாகப் பொருந்தும். இதில் இரண்டு பாதியிலும் குழி. நடுவில் இருக்க வேண்டியது இல்லை.

மேலே ஜீப் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கல்லக்கா தன்னை அறியாமல் பாளத்தைச் சாக்கால் மூடிவிட்டாள்.

கயிறு கட்டி மேலே ஏற்றியபோது நிதானம்தான் தூக்கி வண்டியில் வைத்தார். வைத்துவிட்டு நின்றார்.

"என்ன மேடம், இவ்ளோ பெரிய கல்லு, இவ்ளோ லேசா இருக்கு?"

"உள்ள கொஞ்சம் பொள்ளல்" என்றாள். வீடு வரைக்கும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அருங்காட்சியகத்தின் பின்னறை. கதவைச் சாத்திக்கொண்டு அவளும் பேராசிரியரும். பாளத்தில் மொத்தம் பன்னிரண்டு பலகை. ஒவ்வொன்றாகப் பிளந்தாள். ஒவ்வொன்றிலும் அதே கை. அடிப் பலகையில் அது பாறையின் உட்பக்க ஓரத்தில் இருந்தது. அதற்கு மேல் பலகையில் இரண்டு விரற்கடை வெளியே தள்ளி. அதற்கு மேல் இன்னும் இரண்டு... பன்னிரண்டாவது பலகையில் விரல் நுனிக்கும் சுவரின் வெளிமுகத்துக்கும் இடையே நகக்கண் அளவுதான் பாக்கி.

பேராசிரியர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். ஒட்டு போட்ட தடயம் இல்லை. படலங்கள் அறுபடவில்லை. கண்ணாடியை மடித்தார்.

"எவனோ விளையாடியிருக்கான்மா. இதை வெளிய சொன்னா முப்பது வருஷ வேலையும் கேலிக்கூத்தா ஆயிடும். உள்ள வச்சுப் பூட்டு."

"எப்படி விளையாட முடியும் சார்? நீங்களே படலத்தைப் பார்த்தீங்க."

"பார்த்தேன்." கண்ணாடியை உறைக்குள் போட்டார். "அதனாலதான் பூட்டச் சொல்றேன்."

"டிரைவருக்கு மட்டும் சொல்லிடலாம் சார். அவங்க அண்ணனுக்கு இடது கையில..."

"என்னன்னு சொல்லுவே? உங்க அண்ணன் முப்பது கோடி வருஷத்துக் கல்லுக்குள்ள இருக்காருன்னா? அந்த மனுஷனை நிம்மதியா விடு."

பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்றிரவு அவள் தூங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு வீட்டில் ஓர் ஆள் உயிரோடும் இல்லை, செத்தும் இல்லை. நிதானத்தின் அண்ணி, புருஷன் செத்துவிட்டான் என்கிற காகிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மகள் பள்ளிக்கூட ஃபாரத்தில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுவதென்று ஒவ்வொரு வருஷமும் சித்தப்பாவைக் கேட்கிறாள். தெரிந்துவைத்துக்கொண்டு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

சனிக்கிழமை சாயங்காலம் நிதானத்தைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டாள்.

நிதானம் குனிந்து, தன் இடது கையை அந்தக் குழியில் வைத்தார். பொருந்தியது. ஆள்காட்டி விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"கல்லுடைக்கிற கிரஷர்ல போன விரல் இது. நான்தான் துணியைச் சுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்" என்றார். அப்புறம் பன்னிரண்டு பலகைகளையும் வரிசையாகத் தடவிப் பார்த்தார். "பன்னெண்டு வருஷம்... பன்னெண்டு கை. இல்லையா மேடம்?"

கல்லக்கா கடைசிப் பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கடைசிக் கை விளிம்புல இருக்கு. அப்போ அடுத்தது?"

அவர் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தனியாக விட மனசில்லாமல் அவளும் ஓடிப்போய் ஏறினாள். அன்று ஜீப் எண்பதில் போனது. பள்ளம் மேடு எதையும் பார்க்கவில்லை. தகரமெல்லாம் அலறியது. பாதி வழியில், சாலையைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"அப்போ நானும் குவாரியிலதான் வேலை. அன்னிக்கு என் ஷிஃப்ட் மேடம். தலைவலின்னு பொய் சொல்லிட்டு சினிமாவுக்குப் போனேன். எனக்குப் பதிலா அவன் இறங்கினான். இடைவேளையில வெளிய வந்தா, ஜனமெல்லாம் குவாரிப் பக்கம் ஓடுது..."

அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணியிடம்கூட.

பள்ளத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. ஒரு பூச்சிச் சத்தம் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக நிதானம் கீழே இறங்கினார். மேற்குச் சுவரின் முன்னால், அவள் பாளம் பெயர்த்த இடத்தில், இருவரும் நின்றார்கள்.

டொக்...

உள்ளேயிருந்து. மெல்ல. கதவைத் தட்டுகிற மாதிரி இல்லை... ஊர்ந்து வருகிறவனின் முட்டி கல்லில் இடிக்கிற மாதிரி.

டொக்...

நிதானம் சுத்தியலை எடுத்துப் பதிலுக்கு ஒரு தட்டு தட்டினார். சுவரோடு வாயை வைத்து, குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"அண்ணே... நான்தான். நான் வந்துட்டேன். பார்த்து வா."

சத்தம் நின்றது.

பிறகு சுவர் பிளந்தது. யாரும் உளி வைக்கவில்லை. ஆளுயரத்துக்கு ஒரு பலகை, ஓசையில்லாமல், வாழைப்பட்டை உரிகிற மாதிரி முன்னால் சாய்ந்து நின்றது. அந்த வேர்வை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. விளக்கைச் சாய்த்தாள். உள்ளே ஒரு மனிதன் நிற்கிற அளவுக்குக் குழி. தலை, தோள், வளைந்த முழங்கால். சட்டையின் நெசவுகூடப் பதிந்திருந்தது. ஆள் இல்லை.

நிதானம் இரண்டடி முன்னால் போனார். குழிக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"இங்க இல்லையே மேடம்..."

அப்போது மேலே, சாலையில், ஜீப் ஸ்டார்ட் ஆகும் சத்தம்.

சாவி நிதானத்தின் சட்டைப்பையில் இருந்தது. கல்லக்கா திரும்பி மேலே பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம். அவ்வளவுதான்.

திரும்பினாள். சுவர் மூடியிருந்தது.

மூடியிருந்தது என்றால், விரிசல்கூட இல்லை. விளக்கை எப்படிச் சாய்த்தாலும் ஒரு நிழல் விழவில்லை. நிதானம் இல்லை. அவருடைய சுத்தியல் மட்டும் தரையில் கிடந்தது. பிடியில் இன்னும் கைச்சூடு இருந்தது. அதை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தாள். டிங்... கனமான, கெட்டியான சத்தம். கத்தினாள். கையால் குத்தினாள். தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகு எப்படி மேலே ஏறினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஜீப் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் ஆள். நிதானத்தின் அதே தோள், முன்னால் குனிந்து உட்காரும் அதே விதம். கல்லக்காவுக்கு உயிர் வந்தது.

"என்ன விளையாட்டு இது? எனக்கு உயிரே போயிடுச்சு தெரியுமா!" ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

வண்டி கிளம்பியது. ஹெட்லைட் போடவில்லை. அந்தக் கும்மிருட்டில், ஒரு வளைவுகூடத் தப்பாமல் ஓடியது. மண்ணெண்ணெய் வாடை. புதுசாகப் பிளந்த கல்லின் வாடை... மூன்று கிலோமீட்டர் போனதும் எதிரே ஒரு லாரி வந்தது. அதன் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. ஸ்டீயரிங்கின்மேல் இடது கை தெரிந்தது. ஆள்காட்டி விரல் பாதிதான்.

மீதி எட்டுக் கிலோமீட்டர் அவள் அசையவில்லை. குதிக்கலாம் என்று தோன்றவில்லை. கத்தலாம் என்று தோன்றவில்லை. மடியில் இருந்த சுத்தியலை இறுகப் பிடித்துக்கொண்டு, வண்டியின் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப் அவள் தெருவுக்குப் போகவில்லை. நிதானத்தின் வீட்டு வாசலில் நின்றது. அவன் இறங்கினான். கதவைத் தட்டினான். அண்ணன் மகள் வந்து திறந்தாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு அண்ணியின் அழுகை... சந்தோஷ அழுகை.

விடிந்ததும் டவுன் முழுக்க அதே பேச்சு. பன்னிரண்டு வருஷம் நினைவு தப்பி எங்கெங்கோ திரிந்தவன் பெண்டாட்டி பிள்ளையைத் தேடி வந்துவிட்டான். தம்பி எங்கே? அண்ணன் வந்துவிட்டான், தன் கடமை முடிந்தது என்று எங்கோ கிளம்பியிருப்பான், பாவம், நல்ல பிள்ளை.

கல்லக்கா ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குவாரிக்கு ஓடினாள். மேற்குச் சுவரில் காதை வைத்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு...

டொக்.

"நீங்களா?" என்று கேட்டாள்.

டொக்.

"உள்ள மூச்சு விட முடியுதா?"

சத்தம் இல்லை.

"வலிக்குதா?"

டொக்.

நாள் முழுக்க உளியை வைத்து அடித்தாள். காகிதம் மாதிரி பிளந்துகொண்டிருந்த அந்தப் பாறை, அன்று ஒரு சில்லுகூடக் கொடுக்கவில்லை. மூன்று உளி முனை மடங்கியது. போலீசைக் கூட்டி வந்தாள். கான்ஸ்டபிள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அவளுடைய ரத்தம் கட்டிய கையைப் பார்த்தார். "வீட்ல யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை லாரிகள் வந்தன. முதல் லாரிக்குக் குறுக்கே போய் நின்றாள். இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் மாவுக்கட்டுக் காலோடு பேராசிரியரே வந்து அவள் கையைப் பிடித்தார்.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு நாம ரெண்டு பேரும் வந்து பார்க்கலாம்மா. இப்ப வீட்டுக்கு வா" என்றார்.

அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா, அவளுக்குப் புரியவில்லை. நாற்பது நாளில் பள்ளம் மூடிவிட்டது.

அரை வருஷம் போயிருக்கும். ஒருநாள் அருங்காட்சியகத்துப் பின்னறைக்கு நிதானத்தின் அண்ணி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. இளைத்துப் போயிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"அக்கா, அன்னிக்கு நீங்கதானே அவர்கூட வண்டியில வந்தீங்க?"

கல்லக்கா தலையாட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கார். சாப்பிடறார். பொண்ணை ஸ்கூலுக்குக் கூட்டிப்போறார். தம்பி எங்கன்னு கேட்டா மட்டும், 'உள்ள இருக்கான்'ங்கறார். எதுக்குள்ளன்னு கேட்டா சிரிக்கறார்." கதவைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது போகட்டும். இன்னொன்னு இருக்கு. பொண்ணுகிட்டயும் சொல்லலை, யார்கிட்டயும் சொல்லலை..."

"சொல்லும்மா."

"ராத்திரி அவர் தூங்கினப்புறம் பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டே இருக்கேன். மூச்சை இழுக்கறார். நல்லா, நீளமா இழுக்கறார். அப்புறம் மறுபடி இழுக்கறார். விடியற வரைக்கும் கேட்டுப் பார்த்துட்டேன் அக்கா... ஒரு தடவைகூட வெளிய விடலை."